நர்ஸம்மா பதில்கள்: ஒரு வீடு, மூன்று பிள்ளைகள், விடாத சளி

தீபாவளி கழிந்து அடைமழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே பேச்சாகிவிடும். சளி, இருமல், இழுப்பு, தூக்கமில்லாத ராத்திரி. இந்த வாரம் வந்த கடிதக் கட்டிலும் அப்படித்தான். அதில் ஒரு கடிதத்தைப் படித்த பிறகு மற்றவற்றைப் பிரிக்கக் கை வரவில்லை. அதற்குத்தான் இடம் அதிகம் கொடுத்திருக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 33 வருடம் இந்த ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக நடந்தவள் நான். டாக்டர் இல்லை, மருந்து எழுதித் தரமாட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்போது ஓடவேண்டும், எப்போது வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்பதைச் சொல்லத் தெரியும்.

*

கேள்வி: நர்ஸம்மாவுக்கு வணக்கம். நாங்கள் தங்கச்சிமடம் பக்கம். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மூத்தவனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. அடுத்தவளுக்கு மூன்று, பால்வாடிக்குப் போகிறாள். கடைக்குட்டிக்கு ஏழு மாதம். ஐப்பசியில் மூத்தவன் பள்ளிக்கூடத்திலிருந்து மூக்கு ஒழுகிக்கொண்டு வந்தான். நாலு நாளில் அவளுக்கு, அடுத்த வாரம் குட்டிக்கு. குட்டிக்குச் சரியாவதற்குள் மூத்தவன் மறுபடியும் இருமுகிறான். இப்போது மார்கழி. இத்தனை நாளில் மூன்று பேரும் சேர்ந்தாற்போல நல்லாயிருந்தது பத்து நாள்கூட இருக்காது. நடுப்பிள்ளைக்கு மூன்று தடவை இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் நெபுலைசர் ஆவி வைத்துக் கூட்டிவந்தோம். மூன்று இடத்தில் காட்டிவிட்டோம். அலமாரியில் ஏழு மருந்து பாட்டில் நிற்கிறது, எது யாருக்கு என்று எனக்கே மறந்துபோச்சு. வாடையில் கடலும் சரியில்லை, வருமானம் இல்லை. நான் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றுவதாலும் வாழைப்பழம் கொடுப்பதாலும்தான் இப்படி என்று மாமியார் சொல்கிறார். என் பாலே குளிர்ச்சியாம். பக்கத்து வீட்டில் மந்திரிக்கச் சொல்கிறார்கள். என் பிள்ளைகள் உடம்பிலேயே வலு இல்லையா? நான் எதில் தப்பு செய்தேன்? மழைக்கு விறகடுப்பை வீட்டுக்குள்தான் வைத்திருக்கிறேன், சாயங்காலம் குட்டிக்குச் சாம்பிராணியும் போடுகிறேன். வேறு என்ன செய்யணும்?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாய்

பதில்: உனக்கு என் கடைசி மகள் வயதுதான் இருக்கும் தாயி. அந்த உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன்.

முதலில் கணக்குப் போடுவோம். ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு ஆறிலிருந்து எட்டுத் தடவை சளி பிடிப்பது வழக்கம். பால்வாடிக்குப் போகிற பிள்ளைக்கு இன்னும் ஒன்றிரண்டு கூடும். இது நோஞ்சான் பிள்ளையின் கணக்கு இல்லை, நன்றாக ஓடியாடி வளர்கிற பிள்ளையின் கணக்கு. அதில் பாதிக்கு மேல் மழையும் பனியுமான இந்த நாலு மாதத்தில்தான் வரும். ஒரு பிள்ளைக்கு நாலு தடவை என்று வைத்துக்கொள். மூன்று பிள்ளைக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு சளியும் ஒரு வாரம் பத்து நாள், அதன் வால் பிடித்து வரும் இருமல் சில சமயம் மூன்றாவது வாரம் வரை. பன்னிரண்டையும் நாலு மாதத்துக்குள் அடுக்கிப் பார், இருமல் சத்தம் இல்லாத நாள் உன் வீட்டில் எப்படி இருக்கும்? ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தால் ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான். மூன்றையும் ஒரே தாய் சுமப்பதால் நோய் விடவே இல்லை என்று உனக்குத் தோன்றுகிறது.

சளியை உண்டாக்கும் வைரஸ்கள் நூற்றுக்கும் மேலே. ஒன்றோடு சண்டை போட்டு உடம்பு ஒன்றைத்தான் கற்றுக்கொள்கிறது. மூத்தவன் இந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் காலடி வைத்திருக்கிறான், நாற்பது பிள்ளைகளின் சளியும் அவனுக்குப் புதுசு. இரண்டு மூன்று மழைக்காலம் போனால் அவனுக்குத் தானாகக் குறையும்.

தலைக்கு ஊற்றியதாலோ வாழைப்பழத்தாலோ சளி வருவதில்லை. தாய்ப்பாலில் குளிர்ச்சியும் கிடையாது, சூடும் கிடையாது. உன் பாலில்தான் நீ முன்பு பட்ட நோய்களுக்கான எதிர்ப்பு அந்தக் குட்டிக்குப் போகிறது. அதை மட்டும் நிறுத்திவிடாதே. மழைக்காலத்தில் சளி கூடுவதற்கு முக்கியமான காரணம், வாடைக்குப் பயந்து கதவு சன்னல் எல்லாம் சாத்தி, ஐந்தாறு பேர் ஒரே அறையில் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிப் படுத்திருப்பது. மாமியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "வெந்நீரில் குளிப்பாட்டித் துவட்டிவிடுகிறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு, மத்தியானத்தில் காற்றடிக்காத பக்கத்துச் சன்னலைத் திறந்து வை.

தப்பு எங்கே என்று கேட்டிருந்தாய். உன் கடிதத்தில் எனக்குச் சுருக்கென்று குத்தியது கடைசி வரிக்கு முந்திய வரி. விறகடுப்பு உள்ளே, அதற்கு மேல் சாம்பிராணி. போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

நம் பக்கத்தில் விறகு என்றால் சீமைக்கருவேலம்தான். காய்ந்த கருவேலங்கட்டை நின்று எரியும், அதனால்தான் நம் மாவட்டமே கரிமூட்டத்துக்குப் பேர்போனது. மழையில் நனைந்த கட்டையோ புகையாகக் கக்கும். வெயில் காலத்தில் வெளியே அடுப்பு வைக்கிறோம், புகை கடல் காற்றோடு போய்விடும். மழைக்காலத்தில் சன்னல் சாத்திய வீட்டுக்குள், இடுப்பில் குட்டியை வைத்துக்கொண்டு ஊதாங்குழலால் ஊதுகிறோம். அந்தப் புகை ஏழு மாதப் பிள்ளையின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். புண்ணான இடத்தில் அடுத்த சளி சுலபமாக இறங்கும். நடுப்பிள்ளைக்கு மூன்று தடவை இழுப்பு வந்ததற்கு இந்தப் புகைக்குப் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். சாம்பிராணியும் புகைதான். மணக்கிறது என்பதால் நுரையீரலுக்கு அது வேறாகிவிடாது. கொசுவத்தியும் அப்படியே. வீட்டுக்காரர் பீடி பிடிப்பாரா என்று நீ எழுதவில்லை. பிடிப்பவர் என்றால் வாசலுக்கு வெளியே, அதுவும் பிள்ளையைத் தூக்குவதற்குச் சற்று முன்னால் இல்லாமல்.

"சிலிண்டருக்குக் காசு எங்கே நர்ஸம்மா?" என்று கேட்பாய். நான் போன ஊர்களில் எல்லாம் கேட்ட கேள்வி. அவர்களுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். சிலிண்டரைக் கோடையில் தீர்த்துவிடாதே. பங்குனி, சித்திரையில் வெளியே வெயிலில் விறகு எரி. அப்போது மிச்சப்படுத்திய கேஸ் ஐப்பசியிலிருந்து தை வரை பிள்ளைகளுக்காக இருக்கட்டும். இந்த வருடம் அது முடியாது. அதனால் இப்போதைக்கு, வெளியில் நாலு கம்பு நட்டு ஒரு தகரமோ பழைய தார்ப்பாயோ கட்டி அடுப்பை அங்கே நகர்த்து. தீ எட்டாத உயரத்தில் கட்டு, பிடித்துக்கொள்ளக் கூடாது. கட்டையை இரண்டு நாள் முந்தியே எடுத்து அடுப்புச் சூட்டோரம் உலர்த்து. சமைக்கும் நேரத்தில் குட்டி மாமியார் மடியில் இருக்கட்டும். சாம்பிராணியை இன்றோடு விடு. குளித்த தலையைப் பருத்தித் துணியால் துவட்டினாலே ஈரம் போய்விடும். கொசுவத்திக்குப் பதில் வலை கட்டு.

இனி நான் சொல்வதை வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படி.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் இருக்கும், 1991 கார்த்திகை. வடகடல் ஓரத்தில் ஒரு குடியிருப்பு. நாலு மாதப் பிள்ளையைச் சால்வையில் சுற்றி வைத்திருந்த ஒரு தாய், "சளிதாம்மா, பால் கொஞ்சம் கம்மியாக் குடிக்கிறான்" என்றாள். நெற்றியைத் தொட்டேன், சூடு இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, இன்னும் பதினோரு வீடு பாக்கி. "பால் கொடுத்துக்கிட்டே இரு, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். மறுநாள் விடியுமுன்னே அந்தத் தகப்பன் சைக்கிளில் வந்து என் கதவைத் தட்டினார். போய்ச் சால்வையை விலக்கினால், ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளையின் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. மீன் வண்டியில்தான் ராமநாதபுரம் கொண்டுபோனோம். ஒன்பது நாள் ஆக்ஸிஜன். பிள்ளை பிழைத்தான். இப்போது அவன் கடலுக்குப் போகிறான், கரையில் என்னைக் கண்டால் படகிலிருந்தே கூப்பிடுவான். முந்தின நாள் அந்தச் சால்வையை விலக்கிப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அதைச் செய்யாமல் போனேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, இருமுகிற எந்தப் பிள்ளையையும் சட்டையைத் தூக்கிப் பார்க்காமல் நான் ஒரு வீட்டையும் தாண்டியதில்லை.

நீயும் அதைத்தான் செய்யவேண்டும். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது அல்லது தூங்கும்போது சட்டையைத் தூக்கு. போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொள். வயிறு ஒரு தடவை எழும்பி இறங்கினால் ஒன்று. முழு நிமிடமும் எண்ணு, அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதே, சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. உன் குட்டிக்கு ஒரு வயது ஆகும்வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. நடுப்பிள்ளைக்கு, அதாவது ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள், 40. பிறந்து இரண்டு மாதம் ஆகாத சிசுவுக்கு 60. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டு. அது நிமோனியாவாக இருக்கலாம்.

எண்ணிக்கொண்டிருக்கவே கூடாத நேரமும் உண்டு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்குகிறது, மார் எடுத்துக் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடக்கிறது, வலிப்பு, உதடு நீலம். இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடு. ராத்திரி, மழை, விடியட்டும் என்று பார்க்காதே. இரண்டு மாதத்துக்குள் உள்ள சிசுவுக்குக் காய்ச்சல் கண்டாலே ஆஸ்பத்திரிதான்.

இப்போது அந்த ஏழு பாட்டில். எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வரிசையாக வை. இருமல் மருந்து, சளி மருந்து என்று எழுதியவற்றைத் தனியாக ஒதுக்கு. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவு போட்டது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்து குடித்துப் பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்ததைச் செய்தியில் நீயும் பார்த்திருப்பாய். அதையொட்டி, இரண்டு வயதுக்குள் இருமல் சளி மருந்தே வேண்டாம், ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. அந்த மருந்துகளால் சளி ஒரு நாள்கூட முந்திப் போவதில்லை. காசு வீண் என்பதோடு போனால் பரவாயில்லை, தூக்க மயக்கத்தில் பிள்ளை பால் குடிக்காமல் கிடந்தால் அதுதான் ஆபத்து.

காய்ச்சலுக்கான பாராசிட்டமால் மட்டும் வீட்டில் இருக்கட்டும். அதிலும் கவனம். சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லியில் 125 அல்லது 250. எட்டுக் கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 120 மில்லிகிராம் போதும். 125 சிரப்பில் அது 5 மில்லி. சொட்டு மருந்தில் ஒன்றேகால் மில்லிகூட இல்லை. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தில் 5 மில்லி ஊற்றினால் நாலு பங்குக்கு மேல் உள்ளே போய்விடும், ஈரல் கெடும். பிள்ளையின் எடையைச் சொல்லி டாக்டரிடம் அளவை ஒரு சீட்டில் எழுதி வாங்கி, அந்தப் பாட்டிலிலேயே ஒட்டிவிடு. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் ஆறு மணி நேரம், நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம்.

மூக்கடைப்புக்குக் கடையில் உப்புநீர்ச் சொட்டு விற்கிறது, பால் கொடுக்கும் முன் மூக்குக்கு இரண்டு சொட்டு. பெரிய இரண்டு பேருக்கும் ராத்திரி இருமலுக்கு ஒரு சின்னக் கரண்டி தேன். குட்டிக்குத் தேன் நாக்கில் தடவவும் கூடாது, ஒரு வயதுக்குள் தேனில் உள்ள ஒரு கிருமியால் பிள்ளையின் தசைகளே தளர்ந்துபோகும். நோயில் சாப்பிடாத பிள்ளையை அடித்து ஊட்டாதே, கஞ்சி, ரசஞ்சாதம் என்று கொஞ்சங்கொஞ்சமாகக் கொடு. நோய் விட்டபின் இரண்டு வாரத்துக்கு நாளைக்கு ஒரு வேளை கூடுதலாகச் சாப்பாடு. இந்த இரண்டு வாரத்தை விட்டுவிடுவதால்தான் அடுத்த சளிக்குள் பிள்ளை எடை ஏறாமல் நிற்கிறது. பால்வாடியில் கொடுக்கும் சத்துமாவு வீட்டில் எறும்பு மொய்த்துக் கிடக்கவேண்டாம், கருப்பட்டி தட்டிப் போட்டுக் கிண்டிக் கொடு.

கை கழுவுங்கள் என்று உன்னிடம் சொல்ல எனக்கே தயக்கம். தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தண்ணீருக்கு நடக்கிற பெண்களோடு நானும் நடந்திருக்கிறேன், ஒரு குடத்தின் விலை தெரியும். ஒரு பழைய பாட்டிலின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கொல்லைப்பக்கம் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடு. பக்கத்தில் ஒரு துண்டு சோப்பு. நூல்போல விழும் அந்தத் தண்ணீரே ஒரு கைக்குப் போதும். உப்புத் தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை. மூத்தவன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குட்டியைத் தொடுவதற்கு முன்னால் அங்கே போகட்டும்.

நடுப்பிள்ளையைப் பற்றித் தனியாக ஒன்று. மூன்று தடவை இழுப்பு வந்து ஆவி வைத்திருக்கிறது என்றால், அடுத்த இழுப்புக்குக் காத்திருக்காமல் நல்லாயிருக்கும் நாளில் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப்போ. ராமநாதபுரம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. ராத்திரி இருமல் உண்டா, ஓடினால் இருமுகிறாளா, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா என்று கேட்பார்கள், யோசித்து வைத்துக்கொள். இன்ஹேலர் எழுதினால் பயப்படாதே. "அது பழகிடும்" என்று ஊரில் சொல்வார்கள், அது பொய். வாயால் குடிக்கும் மருந்தைவிட மிகக் குறைந்த அளவு மருந்து, நேரே நுரையீரலுக்குப் போகிறது. வீட்டிலோ சுற்றத்திலோ காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர் இருந்து, பிள்ளைக்கு இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு எடையும் குறைந்தால் அதையும் மறைக்காமல் சொல்.

மந்திரிக்கப் போவதென்றால் போய்த் திருநீறு வாங்கி வா, உன் மனசுக்கு ஆறுதல் என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் மூச்சை எண்ணிவிட்டுப் போ. வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பது, சூடு போடுவது என்று யாராவது ஆரம்பித்தால் பிள்ளையை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடு.

கடைசியாக உன் வீட்டுக்காரருக்கு. தம்பி, வாடையில் படகு கரையில் கட்டிக் கிடக்கிற ராத்திரிகளில் நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள். கடலில் விடிய விடியக் கண் முழிக்கத் தெரிந்தவர் நீங்கள். ஒன்றரை மாதமாக இந்தப் பெண் முழுசாகத் தூங்கவில்லை. ராத்திரி ஒரு மணி வரை அவள் பார்க்கட்டும், பிறகு இருமுகிற பிள்ளையை நீங்கள் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சை எண்ணவும் கற்றுக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: நான் துபாயில் இருக்கிறேன், வீடு கீழக்கரை. மகனுக்கு நாலு வயது. சளி பிடித்தால் போன தடவை மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கச் சொல்லி மனைவியிடம் போனில் சொல்லிவிடுவேன். இந்தத் தடவை உம்மா வேண்டாம் என்று தடுத்துவிட்டார். இதில் தப்பு உண்டா? காய்ச்சலுக்கு வருடா வருடம் போடும் ஊசி போடலாமா?
— ஒரு தகப்பன்

பதில்: உங்கள் உம்மா செய்ததுதான் சரி, தம்பி. சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. வயிற்றுப்போக்குத்தான் மிச்சம். தண்ணீர் கலந்து வைத்த பழைய சிரப் சில நாட்களிலேயே வீரியம் இழந்துவிடும். அடிக்கடி அரைகுறையாகக் கொடுத்துப் பழகினால், நிஜமாகவே நிமோனியா வரும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். மிச்சத்தை எறியச் சொல்லுங்கள். தூரத்தில் இருக்கும் பதற்றம் எனக்குப் புரிகிறது. அடுத்த தடவை வீடியோவில் பேசும்போது மருந்துப் பெயரைச் சொல்லாமல், பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மேலே எழுதியபடி நீங்கள் அங்கிருந்தே எண்ணலாம்.

இன்ஃப்ளூயன்சா ஊசியை ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வருடம் ஒரு தடவை போடலாம் என்பதுதான் குழந்தைகள் டாக்டர்களின் பரிந்துரை. முதல் வருடம் மட்டும் நாலு வார இடைவெளியில் இரண்டு. அரசு ஊசி வரிசையில் அது இல்லை, வெளியில் காசு கொடுத்துத்தான் போடவேண்டும். மழைக்கு முன்னால் போட்டால் பலன் அதிகம். ஆனால் அரசில் இலவசமாகக் கிடைப்பதை முதலில் முடித்திருக்கிறீர்களா என்று அட்டையைப் பாருங்கள். நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி. ஊசி 2021 முதல் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று போடப்படுகிறது. முதல் இரண்டையும் போட்டுவிட்டு ஒன்பதாம் மாதத்தை மறந்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தங்கச்சிமடத்துத் தாயே, உன் குட்டிக்கு இன்னும் இரண்டு மாதத்தில் அது வருகிறது. அன்றைக்கே தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ திரவமும் உண்டு. புதன்கிழமை அட்டையோடு போ.

*

கேள்வி: தேவிபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். ஐந்து பிள்ளை பெற்று வளர்த்தவள். பேரனுக்கு நாலு மாதம். மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, உரை மருந்து கூடாது, கற்பூரம் காய்ச்சிய எண்ணெய் நெஞ்சில் தேய்க்கக் கூடாது என்று மருமகள் எல்லாவற்றுக்கும் தடை போடுகிறாள். நாங்கள் வளர்த்த பிள்ளைகள் செத்தா போனார்கள்?
— ஒரு பாட்டி

பதில்: மதினி, கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூன்றிலும் மருமகள் பக்கம்தான் நியாயம். மூக்கில் விட்ட எண்ணெய் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்கு இறங்கினால் அங்கேயே தங்கி நிமோனியா ஆகும். கற்பூரம் கொஞ்சம் வாய்க்குள் போனாலும் பச்சைப்பிள்ளைக்கு வலிப்பு வரும், நெஞ்சில் தேய்த்ததைப் பிள்ளை கையால் தொட்டு வாயில் வைக்காதா? ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர உரைகல்லில் இழைத்த எதுவும் வேண்டாம். நீங்கள் வளர்த்த ஐந்தும் நன்றாயிருப்பது என் சந்தோஷம். நம் தெருவில் நமக்குத் தெரிந்தே தங்காமல் போன பிள்ளைகளையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

உங்கள் கைக்கு வேலை இல்லாமல் போகாது. வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்தால் தூதுவளை ரசம், மிளகு தட்டிப் போட்ட நண்டு ரசம், கருப்பட்டி போட்ட சுக்குத் தண்ணீர் எல்லாம் உங்கள் கையால் ஆகட்டும். தொண்டைக்கு இதம், நாலு வாய் கூடுதலாகச் சாப்பாடும் இறங்கும். நொச்சித் தழை போட்டு ஆவி பிடிப்பதைப் பெரியவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொதிக்கிற பானையைத் தட்டிவிட்டுத் தொடையெல்லாம் வெந்துபோன மூன்று வயதுப் பெண்ணுக்கு நான் மாதக்கணக்கில் கட்டுப் போட்டிருக்கிறேன்.

*

கேள்வி: தொண்டிப் பக்கம் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மூக்கு ஒழுகும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினால் வகுப்பே காலியாகிவிடும். யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது?

பதில்: காய்ச்சல், வாந்தி, சோர்ந்து படுத்துவிடுவது, மூச்சு வாங்குவது, இவை இருந்தால் வீட்டுக்கு. காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுக்க ஆன பிள்ளை லேசான இருமலோடு வரலாம், டீச்சர். முழங்கையில் முகம் புதைத்து இருமப் பழக்குங்கள், சாப்பாட்டுக்கு முன் கை கழுவும் வரிசையில் நீங்களும் நில்லுங்கள், அப்போதுதான் சோப்பு தீர்ந்துபோனது உங்களுக்குத் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். மூக்கு ஒழுகாமல், இருமல் இல்லாமல், காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் என்று ஒரு பிள்ளை சொன்னால் அது சளிக் காய்ச்சல் இல்லை. மழைக்குப் பிறகு நம் பக்கத்துச் சிமெண்டுத் தொட்டிகளிலும் மூடாத குடங்களிலும் டெங்குக் கொசு நிறைய. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்கே ஆள் அனுப்பி, ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் கொடுக்கவேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று வந்தால் அதுதான் மோசமான கட்டம். காய்ச்சல் விட்டதே என்று மறுநாள் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வகுப்பில் அவனை முன் பெஞ்சில் உட்காரவைத்துப் பாருங்கள்.